எதிர்மலைப் புகை

விமானத்தின் சத்தம்தான் முதலில் வந்தது.

விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. துரைமார் கிளப்பின் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தோம். கிளப்பிலிருந்து எடுத்து வந்த வெள்ளை மேசை விரிப்புகளை நடுவே குறுக்கும் நெடுக்குமாக விரித்து, ஓரங்களில் கல் வைத்திருந்தோம். மேட்டுப் பக்கத்தில் விறகைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருந்தோம். புகையைப் பார்த்து இறங்குவதாக விமானி டெலிபோனில் சொல்லியிருந்தார். எண்ணெய் எரிந்தது. விறகு எரியவில்லை. பல நாள் மழையில் ஊறிய விறகு. புகை இடுப்பளவு எழும்பிப் புல்லின் மேல் படுத்துக்கொண்டது.

"இன்னொரு டின் ஊத்தவாங்கய்யா?" என்றான் சோலைமலை. தோட்டத்துத் தபால்காரன். என் வயதுதான் இருக்கும்.

"ஊத்து."

"டின்னு காலிங்க."

"பின்ன எதுக்குக் கேட்ட?"

"வேணாம்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

தலவாக்கலைப் பக்கமிருந்து சத்தம் நெருங்கியது. பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. மலைகளின் மேல்பாதி மட்டும் வெளியே நின்றது. பிறகு விமானம் தெரிந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். ஒருமுறை வட்டமடித்தது. சோலைமலை தலைத்துண்டை அவிழ்த்து வீசினான். நான் கையைத் தூக்கினேனா என்று நினைவில்லை. விமானம் ஒருபக்கமாகச் சரிந்து வயிற்றைக் காட்டியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்மலையடியில் பனிக்குள் இறங்கியது. சத்தம் நின்றது.

வெடிக்கவில்லை. ரேடியோவை மூடியதுபோல நின்றது.

"எங்கங்கய்யா போறாரு?"

அந்த விமானத்தில் என் மகளுக்கான மருந்து இருந்தது.

குமுதாவுக்கு மூன்று வயது. அவள் அம்மா லோகநாயகி ஐப்பசியில் இறந்தாள். பிரசவம். குழந்தையும் தங்கவில்லை. நான் கல்மதுரைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர். கண்டியில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவன். காரியம் முடிந்த மறுநாள் ஆபீசுக்குப் போனேன். வேலை செய்தேன். சாப்பிட்டேன். துக்கம் கேட்க வந்தவர்களிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். கிளாக்கரையாவுக்கு நெஞ்சு கல்லு என்று தொழிலாளர் லயத்தில் பேசிக்கொண்டார்களாம். அப்படியே இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

மாசியில் இங்கே மழை பெய்வதில்லை. ஐம்பத்தைந்தாம் வருஷம் பெய்தது. ஹட்டன் பாதையில் மலை சரிந்தது. நுவரெலியாப் பாதையில் பாலம் போனது. ரயில் சுரங்கத்தின் வாயை மண் மூடியது. ஆற்றைத் தாண்டி நாகமட்டத் தோட்டத்துக்குப் போகும் நடைபாலத்தையும் வெள்ளம் கொண்டுபோனது. டெலிபோன் கம்பி மட்டும் அறுபடவில்லை.

நோய் மழைக்கு முன்பே வந்துவிட்டது. தொண்டை அடைப்பான். மேல் லயத்தில் இரண்டு பிள்ளைகள் போயின. அதில் ஒன்று சோலைமலையின் மகள். அப்போது பாதை திறந்திருந்தது. லொறி தினமும் போய்வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்காகக் கொழும்புக்கு யாரும் டெலிபோன் எடுக்கவில்லை.

தோட்டத்து டிஸ்பென்சர் முத்துலிங்கம். எல்லோருக்கும் அவர் டாக்டரையா. குமுதாவின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல்போல ஒன்று படர்ந்திருந்தது. எனக்கும் காட்டினார். பென்சிலின் போட்டார். இது போதாது, சீரம் வேண்டும் என்றார். நுவரெலியாவில் சீரம் இல்லை. கண்டியில் இல்லை. கொழும்பில் இருந்தது. ஒரு பிள்ளைக்கான அளவு உடனே தரலாம், மற்றது கப்பலில் வர வேண்டும் என்றார்கள்.

துரை டெலிபோனில் யார் யாரையோ பிடித்தார். கெலார்ட் என்ற பறங்கியர் ஒப்புக்கொண்டார். மதராஸுக்குப் பயணிகள் விமானம் ஓட்டுகிறவர். நண்பர் ஒருவரின் சின்ன விமானத்தில் கொண்டுவருவதாகச் சொன்னார். ஒரு தடவை துரைமாரின் விருந்துக்காக இதே மைதானத்தில் இறங்கியிருக்கிறார். "இடம் தெரியும். புகை மட்டும் போடுங்கள்" என்றார்.

குமுதாவுக்குக் குரல் போயிருந்தது. அப்பா என்று கூப்பிட முடியவில்லை. மருந்துக் காம்பரா என்கிற அந்த ஒற்றை அறையில், கட்டிலின் பலகையில் விரல் முட்டியால் தட்டுவாள். நான் திரும்பிப் பார்ப்பேன். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. கொஞ்சம் கழித்து மறுபடியும் தட்டுவாள்.

பனி விலகியபோது எதிர்மலையில் புகை தெரிந்தது. கறுத்த, தடித்த புகை. நேராக வானத்துக்குப் போனது.

துரை கிளப் வராந்தாவில் நின்று பைனாகுலரில் பார்த்தார். "விழுந்து எரிகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சோலைமலைக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கேள்வி புரிந்தது. "அது காமன் புகைங்கய்யா" என்றான். "இன்னைக்கு மாசிப் பௌர்ணமி. நாகமட்டத்துல காமன எரிச்சிருக்காங்க."

அவன் சொன்ன பிறகுதான் எனக்கு நாள் நினைவு வந்தது. மாசி அமாவாசை கழிந்ததும் தோட்டங்களில் கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிக் காமன் கம்பம் நடுவார்கள். இரண்டு ஆண்கள் மன்மதனும் ரதியுமாக வேஷம் கட்டுவார்கள். கடைசி இரவு முழுக்கத் தப்பு அடித்து ஆட்டம். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் கம்பத்தைக் கொளுத்துவார்கள். ரதி ஒப்பாரி வைப்பாள். எங்கள் தோட்டத்தில் அந்த வருஷம் காமன் நடவில்லை. நோய்க்காலத்தில் கூட்டம் கூடக் கூடாது என்று துரை தடுத்துவிட்டார். கம்பம் நடாததால் நாளும் மறந்துபோனது. கொழும்புக்குப் புகையை அடையாளம் சொன்னபோது, அடுத்த மலையிலும் அன்று புகை எழும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாகமட்டத்தில் இரவு மழையில் கம்பம் பற்றவில்லையாம். காமன் எரியாமல் போனால் தோட்டத்துக்கு ஆகாது என்று தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து பழைய எஞ்சின் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். விடியும்போதுதான் பற்றியது. அங்கே காமன் பொட்டல் ஆற்றோரமாகத்தான் இருக்கிறது. எங்கள் மைதானம் போலவே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். ஒரு முனையில் ஸ்டோரின் தகரக் கூரை. இங்கேயும் அப்படித்தான். நீளம் மட்டும் பாதி.

பாதை திறந்த பிறகு கெலார்ட் என்னைப் பார்க்க வந்தார். கையைத் துணியில் கழுத்தோடு தொங்கவிட்டிருந்தார். "ஆறு இருந்தது. வெளி இருந்தது. தகரக் கூரை இருந்தது. புகை இருந்தது. வெள்ளைத் துணி மட்டும் தெரியவில்லை. பனி மூடியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்" என்றார். பட்டப்பகலில், பெரிய பயணிகள் விமானத்தையே பக்கத்து ஊர் ஓடுபாதையில் இறக்கியவர்களைத் தனக்குத் தெரியும் என்றார். "அவர்களைப் பற்றி நாங்கள் சிரிப்போம். இதுதான் இடம் என்று மனம் ஒரு தடவை சொல்லிவிட்டால், பிறகு கீழே இருக்கிற ஒவ்வொன்றும் ஆமாம் என்கிறது. தரை தொடும்வரை ஆமாம் என்கிறது." நான் அவரைக் குறை சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

நாகமட்டத்து ஆபீசுக்கு டெலிபோன் எடுத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் காமன் பொட்டலில் இருந்திருப்பார்கள். அங்கே டிஸ்பென்சரும் கிடையாது. முத்துலிங்கம்தான் நடைபாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பாலம் போனதிலிருந்து அவரும் போகவில்லை.

ஆற்றைத் தாண்ட ஒரே வழி ரயில் பாலம். பள்ளத்தாக்கின் கீழே, நல்ல தூரம்.

போகுமுன் மருந்துக் காம்பராவுக்குப் போனேன். குமுதா தட்டினாள். அவள் கழுத்து வீங்கித் தாடையோடு ஒன்றாகியிருந்தது. உதட்டோரம் நீலம்.

"அப்பா போயிட்டு வாறேன்."

மறுபடி தட்டினாள்.

"சாயங்காலத்துக்குள்ள கொண்டுவாங்க" என்றார் முத்துலிங்கம் வாசலில். "அதுக்குமேல கொண்டுவந்து பிரயோசனமில்ல."

சோலைமலை முன்னால் நடந்தான். நான் பின்னால். தேயிலை மலையின் குறுக்குப் பாதை சேறாகிக் கிடந்தது. இரண்டு தடவை விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் நின்று, நான் எழும்பும்வரை வேறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாலத்தில் ஏறினோம். சிலிப்பர்க் கட்டைகளுக்கு இடையே ஆறு தெரிந்தது. செம்மண் நிறம். மரங்களை உருட்டிக்கொண்டு போனது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கமிருந்து இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் கூடை சுமந்த பெண். பின்னால் வந்தது சிவப்புச் சேலை. முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தது. கிட்ட வந்ததும் மீசை மழித்த முகம் தெரிந்தது. ஒரு கன்னத்தில் சாயம். மறுகன்னத்தில் வியர்வை அதை அழித்திருந்தது. முந்தானையால் ஒரு பையனை முதுகோடு கட்டியிருந்தான்.

சோலைமலைக்கு ஆளைத் தெரியும். "ரதியம்மா எங்க இந்தப் பக்கம்?" என்றான்.

"புருசன எரிச்சாச்சு. புள்ளையவாவது பாக்கணும்ல?" என்றான் சேலை கட்டியவன். மூக்கன். நாகமட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். முன்னால் நின்றவள் அவன் பெண்சாதி காளியாயி.

"காப்போட ஆத்தத் தாண்டலாமாடா?"

மூக்கன் மணிக்கட்டைப் பார்த்தான். மஞ்சள் நூல் இருந்தது. வேஷக்காரனுக்குக் காப்புக் கட்டினால், அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. "தாண்டக் கூடாதுன்னுதான் நாட்டாமை கத்துனாரு. புள்ளைக்காகத்தானே வேஷமே கட்டினேன். புள்ள போன பொறகு காப்பு எதுக்கு?"

முதுகில் பையனின் மூச்சு கேட்டது. மூடிய கதவின் இடுக்கில் காற்று போகிற சத்தம். எனக்குத் தெரிந்த சத்தம்.

காளியாயியின் கூடைக்குள் மருந்துப் பெட்டி இருந்தது. சின்ன மரப்பெட்டி. சாக்கைச் சுற்றி, மேலே தேயிலைக் கொழுந்து போட்டு மெத்தை பண்ணியிருந்தாள்.

"பெட்டியக் குடு" என்றேன்.

"இருக்கட்டுங்கய்யா. நான் தூக்கிக்கிட்டு வாறேன்."

"குடு."

"வழுக்குதுங்கய்யா. எனக்கு சொமந்து பழக்கம். பத்திரமா கொண்டாந்துருவேன்."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. பெட்டி தன் முதுகில் இருக்கும்வரை, பெட்டி போகிற இடத்துக்குத் தன் பிள்ளையும் போகும் என்று நினைத்தாள். நான் கையை நீட்டிக் கூடையின் விளிம்பைப் பிடித்தேன். இழுத்தால் வந்துவிடும். பாலத்தில் அவளுக்கு நகர இடமில்லை. என்னோடு மல்லுக்கு நிற்க மாட்டாள். நான் கிளாக்கர். ஓடினால் அவர்களுக்கு முன்னால் போய்ச் சேரலாம். ஊசி போட்டு முடித்த பிறகு அவர்கள் வரட்டும். இவ்வளவையும் நினைத்தேன். தெளிவாக நினைத்தேன்.

"விடுங்கய்யா" என்றான் சோலைமலை. குரலை உயர்த்தவில்லை. "அது தூக்கிக்கிட்டு வரட்டும்."

அவன் முகத்தைப் பார்த்தேன். கையை எடுத்தேன்.

திரும்பி நடந்தோம். ஏற்றத்தில் காளியாயி பேசிக்கொண்டே வந்தாள். நிறுத்தினால் ஏதோ நடந்துவிடும் என்பதுபோலப் பேசினாள்.

"எல்லாரும் தப்பு அடிச்சுக்கிட்டிருந்தோமுங்க. தலைக்கு மேல வந்துருச்சு. சிவன் வேசக்காரன் சூலத்தப் போட்டுட்டு ஓடிட்டான். பொட்டலத் தாண்டி தேயிலைக்குள்ள போயிதான் நின்னுச்சு. வெள்ளைக்காரரு மாதிரி ஒருத்தரு எறங்குனாரு. கை ஒடஞ்சு தொங்குது. அப்பவும் பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டிருந்தாருங்க. அவரு பேசுறது வெளங்கல. கல்மதுரை, கல்மதுரைன்னாரு. பொறகு தொண்டையத் தொட்டுக் காட்டினாரு. மூச்சு வாங்குற மாதிரி காட்டினாரு. கையில ஊசி குத்துற மாதிரி காட்டினாரு."

"நம்ம பொட்டல்ல எறங்குனது நம்ம சாமிக்குன்னு நாட்டாமை சொன்னாரு" என்றான் மூக்கன். "சாமிக்கு எதுக்கு ஊசின்னு கேட்டேன்."

"நான் ராவெல்லாம் காமன் கால்ல விழுந்து கெடந்தேங்கய்யா, எங்க சின்னராசாவுக்கு மூச்சு விட வழி பண்ணுன்னு" என்றாள் காளியாயி. "விடியிறப்ப வானத்துல இருந்து வருது. வேற என்னன்னு நெனைக்கிறது?"

சோலைமலை என்னைத் திரும்பிப் பார்த்தான். விமானம் யாருக்காக வந்தது என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. நான் சொல்லவில்லை.

மருந்துக் காம்பராவுக்கு வந்தபோது மலைகளின் மேல் மறுபடி பனி இறங்கத் தொடங்கியிருந்தது. முத்துலிங்கம் வாசலில் நின்றார். பெட்டியைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். உள்ளே போய் அடுப்பில் ஊசியைக் கொதிக்கப் போட்டார்.

ஒரே கட்டில்தான். குமுதாவின் கால்மாட்டில் பையனைக் கிடத்தினோம். அவனுக்கு நான்கு வயதிருக்கும். குமுதா தலையைத் தூக்க முடியாமல் கண்ணை மட்டும் இறக்கி அவனைப் பார்த்தாள். பிறகு தட்டினாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

முத்துலிங்கம் பெட்டியைத் திறந்தார். வைக்கோலுக்குள் நான்கு சின்னப் போத்தல்கள். ஒன்றுகூட உடையவில்லை. மூக்கன் அதைப் பார்த்துச் சிரித்தான். "நாலு இருக்குல்ல" என்றான் பெண்சாதியிடம்.

முத்துலிங்கம் பையனின் வாயைத் திறந்து பார்த்தார். நாடியைப் பிடித்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார்.

"நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பிள்ளைக்கு. அதுவும் தாராளம் இல்லை."

நானும் ஆங்கிலத்திலேயே கேட்டேன். "பையனுக்கு எப்படி?"

"அவனுக்கு நோய் பிந்தி வந்திருக்கிறது. நெஞ்சு இன்னும் பலமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு நாள் கூடிவிட்டது." பெட்டியைத் தொட்டார். "உங்களுக்காகத்தான் வந்த மருந்து. நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். யாரும் கேட்க மாட்டார்கள்."

"முழுவதும் கொடுத்தால் குமுதா பிழைப்பாளா?"

"தெரியாது."

"அவன்?"

"பிழைக்கலாம்."

"பாதி பாதியாகக் கொடுத்தால்?"

"இரண்டுக்கும் போதாமல் போகலாம்."

காளியாயி எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்தாள். மொழி தெரியாது. ஆனால் பேச்சு தன் பிள்ளையைப் பற்றியது என்று தெரிந்தது. நாங்கள் அவளுக்கு முன்னால், அவளுக்குத் தெரியாத பாஷையில், அவள் சுமந்துவந்ததைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அவள் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள்.

"ஐயா புள்ளைக்கு மொதல்ல போடுங்க டாக்டரையா" என்றாள். "மிச்சம் இருந்தா எங்க புள்ளைக்குப் போடுங்க."

மிச்சம் இருக்கும் என்று நம்பினாள். நான்கு போத்தல்களை அவள் கண்ணால் பார்த்தாள். கஞ்சி ஊற்றும்போது அடிப்பானையில் மிச்சம் இருக்குமே, அதுபோல.

நான் ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். முத்துலிங்கம் நான்கையும் குமுதாவுக்கு ஏற்றியிருப்பார். தீர்ந்துபோச்சு என்று காளியாயியிடம் சொல்லியிருப்பார். அவளும் நம்பியிருப்பாள். ஐயாமார் சொன்னால் நம்புவார்கள். மருந்து இல்லை என்றபோது சோலைமலையும் அப்படித்தான் நம்பினான். அவன் வாசலில் குந்தி, காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

குமுதா தட்டினாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் என்னை அப்பா என்று கூப்பிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். யார் பிள்ளையும் வேண்டாம். மனதுக்குள் இதுதான் இருந்தது. இதை மறைக்கப் போவதில்லை.

"ரெண்டு ரெண்டாப் போடுங்க" என்றேன். தமிழில் சொன்னேன்.

முத்துலிங்கம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

அவர் ஊசியை எடுத்தார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். துரையும் கேட்டார். நல்ல மனசு என்றார்கள் சிலர். நல்ல மனசு ஒன்றும் இல்லை. காளியாயி சுவரோடு போய் நின்றாள். அந்த இரண்டடி எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே அவள் நின்றிருந்தால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

ஊசி போட்டபோது குமுதா அழவில்லை. அழக் குரல் இல்லை. வாய் மட்டும் திறந்தது. பையன் காலை உதைத்தான். அதைப் பார்த்து முத்துலிங்கம் தலையை ஆட்டிக்கொண்டார்.

இருட்டியது. மூக்கன் வேஷத்தோடு சோலைமலையின் காம்பராவுக்குப் படுக்கப் போனான். போகும்போது, "சேலையோட போனா ஓம் பொஞ்சாதி என்ன நெனைக்கும்?" என்றான். "ஒனக்கும் சேத்துக் கஞ்சி வைக்கச் சொல்லும். போ, வாறேன்" என்றான் சோலைமலை. இருவரும் சிரிக்கவில்லை. நானும் காளியாயியும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அவள் என் மகளின் காலுக்கு மேலே கம்பளியை இழுத்து விட்டாள். பிறகு தன் மகனுக்கு. இரண்டு மூச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. இடையில் குமுதா தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கை என் கைக்குள் இருந்தபடியே ஒரு விரலை மட்டும் அசைத்துத் தட்டினாள்.

இரவைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

விடியும்போது விரல் அசையவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். பலகையில் என் விரலால் நானே ஒரு தடவை தட்டினேன். அவளுக்குக் கேட்டால் திரும்பித் தட்டுவாள் என்று.

முத்துலிங்கம் எழுந்து வந்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். நீண்ட நேரம் பிடித்திருந்தார். டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்த்தார். கம்பளியை இழுத்துக் கழுத்துவரை மூடினார். முகத்தை மூடவில்லை. வெளியே போனார். பீலித் தண்ணீரில் அவர் கை கழுவுகிற சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டது.

காளியாயி என்னைப் பார்த்தாள். நான் குமுதாவின் கையை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்மலை தெளிவாகத் தெரிந்தது. புகை இல்லை. தேயிலைக்குள் விமானத்தின் இறக்கை ஒன்று வெயில் பட்டு மின்னியது.

அப்போது பையன் அழுதான்.

உடைந்த குரல். தகரத்தில் கல் உரசுவதுபோல. ஆனால் குரல். ஒரு தடவை இருமி, எதையோ துப்பி, மறுபடி அழுதான். இன்னும் பலமாக. அம்மா என்றான்.

காளியாயி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

முழங்கையால் அவனை அணைத்துக்கொண்டு, உள்ளங்கையை வாய்மேல் வைத்து அழுத்தினாள். அவன் கண் பெரிதாகித் திமிறினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. சத்தம் வராமலிருக்கத் தன் உதட்டையும் கடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்காக அவள் எங்கெங்கோ விழுந்து கிடந்து வேண்டிக்கொண்ட சத்தம் அது. அது என் காதில் விழக்கூடாது என்று அமுக்கினாள்.

"கைய எடும்மா" என்றேன்.

அவள் எடுக்கவில்லை.

"மூச்சு முட்டும். கைய எடு."

அவள் தலையை ஆட்டினாள்.

நான் எழுந்து போனேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாக அவன் வாயிலிருந்து எடுத்தேன்.

"அழட்டும்" என்றேன்.